சமையற்கட்டில் எண்பது மணி நேரம்

ஆர்லெத்தா ஸ்ப்ரூயிலின் உத்தியோகத்துக்கு என்ன பெயர் என்று கேட்டால் அவளுக்கே சட்டென்று சொல்ல வராது. மாநில அலுவலகத்துக்குப் புதிதாக யாராவது பெரிய பதவிக்கு வந்தால் முதல் வேலையாக அந்தப் பெயரை மாற்றுவார்கள். மாற்றிய பெயரில் அட்டை அச்சாகி வருவதற்குள் வந்தவர் போய்விட்டிருப்பார். வேலை மட்டும் மாறவில்லை. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கவுண்டி என்று சொல்லப்படும் ஏழு மாவட்டங்களில், இல்லாதவர்களுக்கு உணவு அட்டை வழங்கும் அலுவலகங்களுக்குக் காரில் போய், புதுச் சட்டம் என்ன சொல்கிறது என்று அங்கிருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். விளக்கி முடித்து, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அது மாறியிருக்கும்.

கவுண்டிக்காரர்களுக்கு அவள் தலைநகரத்து ஆள். தலைநகரத்துக்காரர்களுக்கு அவள் கவுண்டி ஆள். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குத்தான் சம்பளம் என்று அவள் கணவன் லைமன் சொல்வான். இந்த வேலைக்கு வருவதற்கு முன் டில்லார்ட் கவுண்டி அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து விண்ணப்பம் வாங்கியவள் அவள். அதற்கும் முன்னால், காகித ஆலையில் லைமனுக்கு வேலை போன வருஷம், கைக்குழந்தையோடு அதே கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் உருகிப் பேசியதில்லை. ஆனால் பயிற்சிக் கூட்டத்தில் யாராவது, "இந்த ஜனங்க இருக்காங்களே" என்று ஆரம்பித்தால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவாள். பேசியவர் தானாக நிறுத்திக்கொள்வார்.

இந்த வருஷம் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதுவரை ஐம்பத்து நாலு வயதைத் தாண்டியவர்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. இப்போது அறுபத்து நாலு வரைக்கும், மாதம் எண்பது மணி நேரம் வேலை செய்ததாகக் காட்ட வேண்டும். கூலி வேலை கிடைக்காவிட்டால் எங்காவது கூலியில்லாமல் உதவி செய்தாலும் சரி, ஆனால் அதற்குச் சான்று வேண்டும். உடம்புக்கு முடியாது என்றால் டாக்டர் எழுதித் தர வேண்டும். எதுவும் இல்லையென்றால் மூன்று மாதம் பொறுப்பார்கள், பிறகு அட்டை நின்றுவிடும். நின்றால் மூன்று வருஷத்துக்கு எட்டிப் பார்க்க வேண்டாம்.

சட்டமாவது ஒரே சட்டம். சுற்றறிக்கைதான் அவள் பிராணனை வாங்கியது. உதவி வாங்கிக்கொண்ட நிறுவனம் தன் பெயர் அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றது முதல் சுற்றறிக்கை. ஏழு கவுண்டிகளுக்கும் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள். அச்சடித்த தாள் வேண்டாம், தனிப் படிவம் உண்டு என்று இரண்டாவது வந்தது. அதையும் போய்ச் சொன்னாள். படிவத்தில் பிழை இருப்பதால் திரும்பப் பெறுகிறோம், புதியது வரும் வரை "பொருத்தமான சான்று" எதையும் ஏற்றுக்கொள்ளலாம் என்றது மூன்றாவது. எது பொருத்தம் என்று அதில் ஒரு வரி இல்லை.

டில்லார்ட் கவுண்டியில் மேற்பார்வையாளராக இருக்கும் மார்லா ட்வைஃபர்ட் மூன்றையும் சுவரில் வரிசையாக ஒட்டி, நான்காவது இடத்தில் வெறும் ஊசியை மட்டும் குத்தி வைத்திருந்தாள்.

"அடுத்ததுக்கு இடம் விட்டு வெச்சிருக்கேன், மிஸ் ஆர்லெத்தா. உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு."

"ரெண்டு ஊசியா குத்தி வை, கண்ணு," என்றாள் ஆர்லெத்தா.

இதெல்லாம் ஊராருக்கு வந்த தலைவலி. தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கே அது வந்து உட்காரும் என்று அவள் நினைக்கவில்லை.

லைமனின் அக்கா ஒடெஸ்ஸாவுக்கு அறுபத்திரண்டு வயது. நண்டு உரிக்கும் ஆலையில் காலம் முழுக்க நின்று வேலை பார்த்தவள். ஆலையை மூடிவிட்டார்கள், கணவனும் போய்விட்டான். இருப்பது ஒரு சின்ன வீடு, கொஞ்சம் விதவைப் பணம், அந்த உணவு அட்டை. தம்பி வீட்டில் சாப்பிட மாட்டாள் என்பதில்லை, ஒவ்வொரு ஞாயிறும் சபை முடிந்து வந்து சாப்பிடுவாள். ஆனால் கையில் ஒரு பாத்திரம் இல்லாமல் படியேறியதே கிடையாது. பெரும்பாலும் பன்றிக்கால் போட்டு வேகவைத்த காலர்ட் கீரை. அட்டையில் வாங்கின கீரை, அட்டையில் வாங்கின பன்றிக்கால். "சாப்பிட வந்தவ" என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரக் கூடாது அவளுக்கு. அட்டை போனால் பாத்திரம் போகும், பாத்திரம் போனால் அவள் வருவதும் நின்றுவிடும். கணவனும் மனைவியும் இதை வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை, ஆனால் இருவருக்கும் தெரியும்.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே ஒடெஸ்ஸா சாதாரணமாகச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமையோட என் கார்டு முடியுது. கடுதாசி வந்துச்சு."

ஆர்லெத்தா கரண்டியைக் கீழே வைத்தாள். "எப்ப வந்துச்சு?"

"வந்து ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசமா என்கிட்ட சொல்லலையா நீங்க? நான் பண்ற வேலையே அதுதானே டெஸ்ஸி."

"சொந்தக்காரங்க கோப்பைத் தொடக் கூடாதுன்னு நீதானே சொன்னே. கிறிஸ்துமஸ் அன்னிக்கு. எல்லார் முன்னாலயும்."

அது உண்மை. தன் குடும்பத்தார் கோப்பை அவள் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தூக்கிக் கொடுக்கவும் கூடாது. ஆர்லெத்தா இந்த விதியை மட்டும் ஒரு நாளும் வளைத்ததில்லை. வளைத்தவர்கள் இரண்டு பேரை அவளே எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"கோப்பைத் தொட மாட்டேன். வாயால சொல்லலாம்ல. எல்லாருக்கும் சொல்றதத்தான் உங்களுக்கும் சொல்றேன். முழங்கால் ரெண்டும் முடியலைன்னு டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்குங்க. முடிஞ்சுது."

"நிக்க முடியாதவன்னு நான் எழுதி வாங்கினா மறுநாளே சபையில மதர் ஹாசலுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் என்னை சபை அடுப்புப் பக்கம் விடுவாங்களா? உருளைக்கிழங்கு சீவ உக்கார வெச்சிருவாங்க."

"சரி, அதே சபைச் சமையற்கட்டுலதானே வாரத்துல பாதி நாள் கிடக்கறீங்க. அந்த மணிக்கணக்கே போதும். மதர் ஹாசல் எழுதிக் கொடுத்தா..."

லைமன் தொண்டையைக் கனைத்தான். ஒடெஸ்ஸா சோள ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு தம்பி மனைவியை ஏதோ ஜந்துவைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"கர்த்தருக்குச் செஞ்சதுக்குச் சர்க்கார்கிட்ட கூலிச்சீட்டு வாங்கச் சொல்றியா லெத்தா?"

அவ்வளவுதான். ஆர்லெத்தாவும் அந்தச் சபைக்குள் கல்யாணமாகி வந்தவள்தான், விஷயம் அவளுக்குத் தெரியாமலில்லை. முன்பொரு காலத்தில், ஒரு பெரிய சாவுச் சாப்பாடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, போதகர் மேடையில் நின்று சமைத்த பெண்கள் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி நன்றி சொன்னார். ஒருத்தி பெயரை விட்டுவிட்டார். அந்தக் குடும்பம் எழுந்து போயிற்று. போனதோடு நிற்காமல் சாலைக்கு அந்தப் பக்கமே இடம் வாங்கி இன்னொரு ஆலயம் கட்டிக்கொண்டது. இன்றைக்கும் இரண்டு ஆலயமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன, ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடமில்லாமல் அவர்களும் இவர்களும் சண்டை. அன்றிலிருந்து சமையற்கட்டில் யார் என்ன செய்தார்கள் என்று யாரும் வெளியில் சொல்வதில்லை. பாராட்டு இல்லை, நன்றி இல்லை, பெயர் இல்லை, கையெழுத்து இல்லவே இல்லை. அந்தச் சட்டத்துக்குக் காவல், சபையின் மூத்த தாயாக வெள்ளை உடுப்பில் முதல் வரிசையில் உட்காரும் மதர் ஹாசல். தலைநகரத்துச் சட்டம் வாரத்துக்கு ஒருமுறை மாறும். மதர் ஹாசலின் சட்டம் அன்றைக்குப் போட்டது போட்டபடி இருக்கிறது.

புதன்கிழமை சபையில் ஊராருக்கு மதியச் சாப்பாடு போடும் நாள். லைமன் தானே போய் மதர் ஹாசலிடம் பேசிப் பார்க்கிறேன் என்று கிளம்பினான். பொரித்த மீன் பொட்டலத்தோடு திரும்பி வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"மீனைச் சூடாறதுக்குள்ள சாப்பிடச் சொன்னாங்க."

"லைமன்."

"என் அம்மா உயிரோட இருந்தா என்னை நினைச்சு வெக்கப்படுவாங்கன்னாங்க. உன் பொண்டாட்டி சர்க்காருக்குச் சமையற்கட்டு ஜன்னலைத் திறந்து விடப் பாக்கறான்னாங்க. அப்புறம் மூக்கு ஒழுகுது, குளிர்ல மேல்கோட்டு போடாம ஏன் சுத்தறேன்னு கேட்டாங்க." அவன் நாற்காலியில் சரிந்தான். "எனக்கு அறுபது வயசு ஆர்லெத்தா."

அவள் மீனைப் பிட்டு வாயில் போட்டாள். நன்றாக இருந்தது. யார் பொரித்தது என்று கேட்க முடியாதே என்று நினைத்தபோது இன்னும் எரிச்சலாக வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை அவள் டில்லார்ட் கவுண்டிக்குப் போக வேண்டிய முறை. மார்லாவின் அறையில் கோப்புகள் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றன. ஆட்கள் நாலு பேர் குறைவு என்பதால் மேற்பார்வையாளரே கோப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். மார்லா ஒரு கோப்பைத் தூக்கியதுமே ஆர்லெத்தா கையைக் காட்டினாள்.

"அது ஒடெஸ்ஸா ஸ்வெய்னோடதுன்னா மூடி வை. அவங்க என் வீட்டுக்காரர் அக்கா. நான் அதைப் பாக்கலை, கேக்கலை. நான் சொன்னேன்னு இப்பவே தேதி போட்டுக் குறிச்சிக்கோ."

மார்லா குறித்துக்கொண்டாள். பேனாவை மேஜையில் போட்டாள். "அப்ப நான் யார்கிட்ட அழறது, மிஸ் ஆர்லெத்தா? யாருன்னு சொல்லலை. ஒரு அம்மான்னு வெச்சுக்குங்க. நீங்க செய்யற உதவி யாருக்குத் தெரியும்னு கேட்டேன். கர்த்தருக்குத் தெரியும்ங்கறாங்க. அவர் நம்பரைக் குடுங்கன்னு கேக்காத குறைதான். ரொம்பக் கெஞ்சினதுக்கு அப்புறம், 'வேணும்னா மதர்கிட்ட கேட்டுக்கோ, அவங்க சொல்ல மாட்டாங்க'ன்னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க. தாள் இல்லாம நான் கம்ப்யூட்டர்ல எதை ஏத்தறது?"

"எந்த அம்மாவைப் பத்தியும் நான் பேசலை," என்றாள் ஆர்லெத்தா. "உன் ஆளுங்க எல்லாரையும் கூப்பிடு. பயிற்சின்னு ஒண்ணு நடத்தத்தானே வந்திருக்கேன்."

ஐந்து பேர் வந்து சுவரோரமாக நின்றார்கள். எல்லார் முகத்திலும் 'மறுபடியுமா' என்பது எழுதி ஒட்டியிருந்தது. ஆர்லெத்தா மூன்றாவது சுற்றறிக்கையைக் காட்டினாள்.

"பொருத்தமான சான்றுன்னா என்னன்னு எழுதலை. எழுதாததால பழைய விதி அப்படியே நிக்குது. தாள் கிடைக்காதப்போ, விஷயம் தெரிஞ்ச ஒரு ஆளை, விண்ணப்பம் போட்ட அம்மாவோ ஐயாவோ சம்மதிச்சு பேர் சொன்ன ஆளை, போன்ல கூப்பிட்டுக் கேக்கலாம். கேட்டதை நீங்களே எழுதிக்கலாம். எழுதினதை விண்ணப்பம் போட்டவங்களுக்குப் படிச்சுக் காட்டி ஆமான்னு வாங்கிக்கணும். கம்ப்யூட்டர்ல தாள் ஏத்தற கட்டத்துக்குக் கீழே 'மற்றவை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. யாராவது அதைத் தொட்டிருக்கீங்களா?"

"அதைத் தொட்டா திரை உறைஞ்சு போகுது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"போகட்டும். மறுபடி தொடு. மூணாவது தடவை வழிக்கு வரும், நான் பாத்திருக்கேன்." அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "இன்னொண்ணு. இந்தப் பக்கத்து ஜனங்ககிட்ட, இன்னாரு உங்களுக்கு என்ன நல்லது செஞ்சாங்கன்னு கேட்டா வாயே திறக்க மாட்டாங்க. அது பெருமை பேசற மாதிரி. கவுண்ட்டர்ல உக்காந்த வரைக்கும் நான் அப்படிக் கேட்டதே இல்ல. அவங்களால உங்களுக்கு என்ன தொந்தரவுன்னு கேளுங்க. கேட்டுட்டு நாற்காலியில சாஞ்சு உக்காருங்க."

யாரோ சிரித்தார்கள். மார்லா சிரிக்கவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு போன் பக்கம் திரும்பினாள். ஆர்லெத்தா எழுந்து அறைக்கு வெளியே போய், நடையில் இருந்த குளிர்பான இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டாள். ஆனால் அந்தச் சுவர் ஒட்டுப்பலகை. மார்லா காதில் மாட்டிப் பேசும் கருவி போன மாதமே உடைந்துவிட்டதால் ஒலிபெருக்கியில்தான் பேசுவாள். மாற்றுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள்.

"மதர் ஹாசலுங்களா? கவுண்டி அலுவலகத்துலேர்ந்து மார்லா ட்வைஃபர்ட் பேசறேன்."

"யாரு, வெர்னன் ட்வைஃபர்ட் பொண்ணா?"

"மருமக."

"அவன் இடுப்பு இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க மதர். நடக்கறார்."

"படகுல ஏறாம இருக்கச் சொல்லு. என்ன வேணும் மகளே?"

"ஒடெஸ்ஸா ஸ்வெய்ன் உங்களைக் கேக்கச் சொன்னாங்க. அவங்க சமையற்கட்டுல..."

"எங்க சமையற்கட்டுல யாரு என்ன செய்யறாங்கன்னு நாங்க சொல்றதில்ல."

குளிர்பான இயந்திரம் உர்ரென்று உறுமியது. ஆர்லெத்தா அதை ஓர் உதை விட்டாள்.

"சரிங்க மதர்," என்றாள் மார்லா. "அவங்களால உங்களுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா?"

 அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது.

"எழுத பேனா வெச்சிருக்கியா மகளே?"

"வெச்சிருக்கேன்."

"செவ்வாய்க்கிழமை நான் காலை ஆறு மணிக்குச் சாவியை எடுத்துக்கிட்டுப் போனா, எனக்கு முன்னால பின்வாசல்ல நிக்கறா. என்னைக்காவது ஒரு நாள் நான் முதல்ல போய் நிம்மதியா ஒரு வாய் காப்பி குடிக்கலாம்னா முடியாது. கீரையை மூணு தண்ணியில அலசுவா. ரெண்டு தண்ணி போதும். தண்ணி வரி யார் கட்டறது? நல்லா எரியற பெரிய அடுப்பைப் பிடிச்சுக்கிட்டா மூணு மணி வரைக்கும் விட மாட்டா. எழுதினியா? மூணு."

"மூணு எழுதிட்டேன்."

"புதன்கிழமை அதைவிட மோசம். அதே ஆறு மணி. ஊர் முழுக்கச் சாப்பிட்டுப் போனப்புறம் பாத்திரம் கழுவ வேற ஆள் இருக்கு. இவ கழுவினதையே திரும்பக் கழுவுவா. அஞ்சு மணி ஆகும். வீட்டுக்குப் போய் டி.வி.யில என் நிகழ்ச்சியைப் பாக்கணும் எனக்கு. விளக்கை அணைச்சாலும் போக மாட்டா. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டே நிப்பா, உக்காருன்னா கோவம் வரும். சனிக்கிழமை இல்லாதவங்களுக்குப் பெட்டி கட்டற நாள். இவ கட்டினா டப்பாவையெல்லாம் பேர் முன்னால தெரியற மாதிரி திருப்பித் திருப்பி வெப்பா. காலையில ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் அதே. யாராவது செத்தா அது தனி. இந்த மாசம் மூணு சாவு. மூணுக்கும் விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் என் கழுத்தை அறுத்தா."

"ஒவ்வொரு வாரமும் இப்படித்தானா மதர்?"

"ஒரு வாரம் தப்பினா நான் கர்த்தருக்கு நன்றி சொல்ல மாட்டேனா? இதுவும் எழுதிக்கோ. உப்பு. கை நிறைய அள்ளிப் போடுவா. பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு உள்ள சபை இது."

"உப்பு," என்று எழுதினாள் மார்லா.

"நல்லதா எதுவும் எழுதிரலையே?"

"ஒரு வார்த்தை நல்லதா இல்லைங்க மதர்."

"அப்ப சரி. படகு, சொல்லிரு." போன் வைக்கப்பட்டது.

மார்லா வெளியே வந்தபோது ஆர்லெத்தா காசு போடாத இயந்திரத்தின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"கூட்டிப் பாத்தேன், மிஸ் ஆர்லெத்தா. எண்பதை எப்பவோ..."

"என்கிட்ட சொல்லாதே. எனக்கு எதுவும் தெரியாது. நான் ஆரஞ்சு சோடா வாங்க வந்தேன்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. எழுதியதைப் படித்துக் காட்டி ஆமென்று வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அது அவள் தலைக்கே திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஆர்லெத்தா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கணினியைத் திறந்து வைத்து, தலைநகரத்துக் கூட்டத்தைத் திரையில் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது சுற்றறிக்கை தயாராகிக்கொண்டிருப்பதாக ஓர் இளைஞர் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டாமல் ஒடெஸ்ஸா உள்ளே வந்தாள். கையில் பாத்திரம் இல்லை. ஆர்லெத்தா முதலில் கவனித்தது அதைத்தான். திரையின் சத்தத்தை அடைத்தாள்.

"நான் உப்பு அதிகமா போடறேனா?"

"என்ன?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு. முப்பது வருஷமா என் கீரையைச் சாப்பிடறே. உப்பு அதிகமா?"

"யார் சொன்னது?"

"சர்க்கார் சொல்லுது. அந்த மார்லா பொண்ணு போன் போட்டு ஒவ்வொண்ணா படிச்சா. ஆறு மணிக்கு நிக்கறேன், ஆமா. மூணு தண்ணி, ஆமா, பின்னே மண்ணோட திங்கச் சொல்றாங்களா. உப்பு அள்ளிப் போடறேன்னா. அதை வெட்டுன்னேன். ஒரே குறிப்பு, பாதியை வெட்ட முடியாது, முழுசுக்கும் ஆமான்னு சொல்லுங்கங்கறா. சொல்ல மாட்டேன்னுட்டு வெச்சிட்டேன்."

"வெச்சிட்டீங்களா." ஆர்லெத்தா கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னிக்குக் கடைசி நாள் டெஸ்ஸி. அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திருவாங்க. சாத்தினா மூணு வருஷம்."

"மூணு வருஷம் உப்பில்லாம இருந்துக்கறேன்."

"கார்டு இல்லாம இருக்கணும். உப்பில்லாம இல்ல."

"என் தம்பி வீடு இருக்கு."

"வருவீங்களா?"

ஒடெஸ்ஸா அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் தானாக உட்காருவதை ஆர்லெத்தா வருஷக்கணக்கில் பார்த்ததில்லை. திரையில் அந்த இளைஞர் சத்தமில்லாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நான் உங்க கோப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேச முடியாது," என்றாள் ஆர்லெத்தா. "யார் வந்து கேட்டாலும் சொல்றதச் சொல்றேன். படிச்சுக் காட்டினதுல ஏதாவது ஒண்ணு சரியில்லைன்னா, சரியில்லைன்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. மத்ததுக்கு ஆமா, இதுக்கு இல்லைன்னு சொன்னா, அதையும் சேர்த்து எழுதித்தான் ஆகணும். அது பழைய விதி. அதை இன்னும் யாரும் மாத்தலை. இந்தத் திரையில இருக்கறவர் வாயை மூடற வரைக்குமாவது மாத்த மாட்டாங்கன்னு நினைக்கிறேன்."

"எழுதுவாங்களா? சர்க்கார் காகிதத்துல?"

"எழுதணும்."

ஒடெஸ்ஸா தன் கைப்பேசியை எடுத்தாள். எண்களை அழுத்தும்போது உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஆர்லெத்தா எழுந்து பின்வாசலுக்குப் போய், கொடியில் ஏற்கனவே காய்ந்திருந்த துணியை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக நாத்தனாரின் குரல் மட்டும் வந்தது. "ஆமா. அதுவும் ஆமா. சனிக்கிழமை, ஆமா. டப்பாவைத் திருப்பித்தான் வெப்பேன், ஆமா. உப்பு, இல்லை. எழுதிக்கோ. இல்லைன்னு எழுதிட்டுத் திரும்பப் படி." மார்லா படித்திருப்பாள். "இன்னொரு தடவை படி."

ஒடெஸ்ஸா வாசலுக்கு வந்தாள்.

"'உப்பு விஷயத்தில் விண்ணப்பதாரருக்கு உடன்பாடில்லை.' அப்படித்தான் படிச்சா." அவள் அதை வேத வசனம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "அவங்க கம்ப்யூட்டர் ரெண்டு தடவை நின்னு போச்சாம். மூணாவது தடவை ஏறிடுச்சு. அந்தத் துணியை ஏன் போட்டு இப்படி உதறிக்கிட்டிருக்கே? கிழிஞ்சிரும்."

அவள் போனபிறகு ஆர்லெத்தா கூட்டத்துக்குத் திரும்பினாள். கூட்டம் முடிந்துவிட்டிருந்தது. நான்காவது சுற்றறிக்கை மின்னஞ்சலில் வந்து காத்திருந்தது: போனில் கேட்டு எழுதும் சான்றுக்கு இனித் தனிப் படிவம். படிவம் பின்னர் அனுப்பப்படும். ஆறு மாதத்தில் ஒடெஸ்ஸாவிடம் மறுபடி சான்று கேட்பார்கள். மதர் ஹாசலுக்கு மறுபடி போன் போக வேண்டும். அதற்குள் என்னென்ன மாறியிருக்கும் என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. மார்லாவுக்கு ஒரே வரி எழுதினாள்: ஊசிக்கு வேலை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒடெஸ்ஸா வந்தாள், பாத்திரத்தோடு. பெரிய பாத்திரம். மேஜை நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். பிறகு கைப்பையிலிருந்து தன் வீட்டு உப்பு டப்பாவை எடுத்து, ஆர்லெத்தாவின் தட்டுக்கு நேராக, பேர் முன்னால் தெரியும்படி திருப்பி வைத்தாள்.

லைமன் ஒரு வாய் எடுத்தான். மென்றான். மனைவியைப் பார்த்தான்.

"என்னடா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல டெஸ்ஸி."

"மதர் ஹாசலும் நேத்து பெட்டி கட்டற இடத்துல இதே கீரையைச் சாப்பிட்டாங்க. ஒண்ணும் சொல்லலை. மூணு தடவை கீரைப் பாத்திரத்தை எட்டிப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லலை."

கீரையில் ஒரு கல் உப்பு இல்லை. வெந்நீரில் நனைத்த காகிதம் போல இருந்தது. ஆர்லெத்தா உப்பு டப்பாவைத் தொடவில்லை. நாத்தனார் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் தட்டை முடித்துவிட்டு, தனக்கு இப்படியொரு உத்தியோகத்தைக் கொடுத்தவர்கள் அத்தனை பேரையும் மனசுக்குள் வரிசையாகத் திட்டியபடி, இன்னும் கொஞ்சம் போடும்படி தட்டை நீட்டினாள்.